ஏதென்ஸுக்குப் போன நாலு பாட்டு

நம் கீர்த்தனைகளுக்குத் தலைப்பு என்று ஒன்று கிடையாது. முதல் அடியில் பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே நறுக்கி, அந்தத் துண்டையே பெயராக்கிக்கொண்டோம். எழுவாய் இருந்தால் பயனிலை இருக்காது. பயனிலை இருந்தால் யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியாது. கேட்கிறவருக்கு மிச்சம் தெரியும் என்ற தைரியம்தான். சிதம்பரத்தைச் சுற்றி இந்தத் தைரியம் செல்லும். ஏதென்ஸில் செல்லவில்லை.

என் அக்கா மகள் அங்கே இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கப்பல் கம்பெனியில் வேலை. பிரேயஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு. சின்ன வயதில் கீரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போய்ச் சிதம்பரத்தில் பரதம் கற்றவள். ஒரு சிறிய அரங்கில் ஆடப்போவதாகவும், வருகிறவர்கள் கையில் கொடுக்க நோட்டீஸ் வேண்டும் என்றும் போனில் சொன்னாள்.

"நாலே பாட்டு மாமா. பாட்டோட பேரு, கீழ ரெண்டு வரி அர்த்தம். நீங்க தமிழ்ல எழுதி அனுப்பிடுங்க. மீதியை இங்க பார்த்துக்கிறோம்."

'இங்க' என்றால் யார் யார் என்று விசாரித்தேன். அவளுடைய கிரேக்கம் கத்தரிக்காய் வாங்கும் அளவுக்கு உண்டு. கீழ்வீட்டில் ஓர் அம்மா, பள்ளிக்கூடத்தில் பழங்கிரேக்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் கீரப்பாளையம் ஒன்றியத்துப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். 'செத்த மொழியை எதுக்குப் படிக்கணும்' என்ற முனகலைக் காலமெல்லாம் கேட்டவர் அவர். 'இதைப் படிச்சா வேலை கிடைக்குமா சார்' என்பதைக் காலமெல்லாம் கேட்டவன் நான். இருவருக்கும் நடுவில் ஒரு பாலம்தான் குறை. அந்த இடத்தில் அக்கா மகள் செல்போனை வைத்தாள். தமிழிலிருந்து இங்கிலீஷ், இங்கிலீஷிலிருந்து கிரேக்கம்.

முதல் பாட்டு மாரிமுத்தாப் பிள்ளையின் 'காலைத் தூக்கி'. ராகம் யதுகுலகாம்போதி. பிள்ளையவர்கள் சிதம்பரத்தை ஒட்டிய தில்லைவிடங்கன்காரர், 18ஆம் நூற்றாண்டு. அவருக்கு நடராசரின் கால் பக்கத்து ஊர் விஷயம். செல்போனுக்கு அப்படி இல்லை. காலை என்றால் விடியற்காலைதான் என்று அது முடிவு கட்டி, விடியலைத் தூக்கிப் பிடிக்கும் தெய்வம் என்று கிரேக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

கீழ்வீட்டு அம்மாவுக்குப் பரம சந்தோஷம். ஹோமர் விடியலுக்கு விரல்கள் வைத்துப் பாடினார், உங்கள் கவியோ அந்த விடியலையே தூக்குவதற்கு ஒரு கடவுளை வைத்துவிட்டார் என்று நீளமாகக் குரல் செய்தி அனுப்பினார். அது விடியல் இல்லை, கால் என்று நான் சொல்லி அனுப்பினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எந்தக் கால்னு கேக்கறாங்க மாமா."

"இடது கால்."

"எதுக்குத் தூக்கியிருக்காருன்னு கேக்கறாங்க."

நிந்தாஸ்துதி எழுதிய புலவர்கள் கேலியாகக் கேட்டதுண்டு. மற்றபடி எங்கள் பக்கத்தில் இப்படிக் கேட்பது, வெள்ளாறு ஏன் கிழக்கே ஓடுகிறது என்று கேட்பது மாதிரி. ஊன்றிய கால் மறைப்பது, தூக்கிய கால் அருள்வது என்று சைவ சித்தாந்தத்தை இரண்டு வரியில் அடக்கி அனுப்பினேன். பதில் வந்தது: "சரி. ஆனால் விடியல் நன்றாக இருந்தது."

அந்தக் காலில்தான் ஒரு வெளிச்சம் கிடைத்தது. இங்கிலீஷில் எழுதும்போது அக்கா மகள் திணறினாள். தொடையிலிருந்து கீழே முழுக்கவா, பாதம் மட்டுமா என்று அந்த மொழி கறாராகக் கேட்கிறது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல். தமிழில் முள் குத்துவதும் காலில்தான், வாதம் வருவதும் காலில்தான். கிரேக்கத்திலும் அப்படியே. 'போதி' என்ற ஒரே சொல் முழுக் காலுக்கும் பாதத்துக்கும் ஓடுகிறது. அடுத்து, 'தெய்வமே' என்ற கூப்பாடு. இங்கிலீஷில் கடவுளைக் கூப்பிட ஒரு 'ஓ' போட வேண்டும், இல்லையேல் காற்புள்ளி போட்டுக் காத்திருக்க வேண்டும். நமக்கு எட்டாம் வேற்றுமை இருக்கிறது. தொல்காப்பியர் விளிமரபு என்று ஒரு இயலே ஒதுக்கினார். கிரேக்கர்களும் விளி வேற்றுமையைத் தொலைக்காமல் இன்றுவரை வைத்திருக்கிறார்கள். ஐயன் என்பவரைக் கூப்பிடும்போது நாம் 'ஐயா' ஆக்குகிறோம். அவர்கள் 'தாஸ்கலோஸ்' என்கிற ஆசிரியரைக் கூப்பிடும்போது வாலை வெட்டி 'தாஸ்கலே' என்கிறார்கள். அன்றிலிருந்து அந்த அம்மாவுக்கு நான் தாஸ்கலே.

"போனை எடுத்துடும்மா, நடுவுல அது வேணாம்" என்று அக்கா மகளிடம் சொன்னேன். தமிழில் நான் விளக்குவது, அவள் தன் கத்தரிக்காய்க் கிரேக்கத்தில் கீழே இறங்கிப் போய்ச் சொல்வது, அந்த அம்மா எழுதுவது என்று ஏற்பாடு மாறியது. வேகம் குறைந்தது. சண்டை தரமானதாக ஆனது.

இரண்டாவது, அருணாசலக் கவிராயரின் 'ஏன் பள்ளி கொண்டீர்'. போனை எடுத்தது நல்லதாகப் போயிற்று. ஏற்கெனவே அது, 'ஏன் ஐயா பள்ளிக்கூடம் வாங்கினீர்' என்று ஒரு வரைவு தயாராக வைத்திருந்தது. ஆசிரியர்கள் இருவருக்குமே அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டிருக்கும். தனியார் பள்ளிக் கட்டணம் அங்கேயும் பேச்சாம். சீகாழிக் கவிராயர், இராம நாடகம் எழுதியவர், அரங்கநாதரைப் பார்த்து, வில்லை ஒடித்த களைப்பா, காட்டில் நடந்த களைப்பா, எதனால் படுத்துவிட்டீர் என்று அடுக்குகிறார். இதை விளக்கினால், அந்த அம்மா கேட்கிறார்: "ஜூலை மாதம், மத்தியானம் மூன்று மணி. எல்லோரும்தான் படுத்திருப்பார்கள். இதில் கேட்க என்ன இருக்கிறது?" கிரேக்கத்தில் மத்தியானத் தூக்கம் சட்டத்தின் காவலில் இருக்கிறது. அந்த நேரத்தில் சத்தம் போட்டால் போலீஸைக் கூப்பிடலாம். கத்திரி வெயிலில் கவிராயர் அங்கே போய் மோகனத்தில் இதைப் பாடியிருந்தால் தமிழிசை மூவருள் ஒருவர் உள்ளே போயிருப்பார்.

அதைவிடப் பெரிய சிக்கல் 'கொண்டீர்' என்பதில் வந்தது. மரியாதைக்காக ஒருவரைப் பலராக்கிப் பேசும் வழக்கம் கிரேக்கத்திலும் உண்டு. மருத்துவரை, மாமனாரை, பழக்கமில்லாத பெரியவரைப் பன்மையில்தான் அழைப்பார்கள். ஆனால் கடவுளை மட்டும் ஒருமைதான். "பன்மையில் எழுதினால், எத்தனை கடவுள் படுத்திருக்கிறார்கள் என்று எண்ணுவார்கள்" என்றார் அந்த அம்மா. ஒருமையில் எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'நீ' என்று தேவாரக்காரர்கள் உரிமையோடு பாடியதுண்டு, சரி. ஆனால் கவிராயர் 'நீர்' என்று நிற்கிறார். ஊர்ப் பெரிய மனிதர் திண்ணையில் படுத்திருக்க, தோளில் இருக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற தோரணை அதில் இருக்கிறது. அந்த அம்மா ஒருமையிலேயே எழுதி, முன்னால் 'கீரியே' என்று ஒரு விளி சேர்த்துக்கொண்டார். ஆண்டவரே, ஐயா இரண்டுக்கும் அதே சொல்தான். கோயிலுக்கும் அது, மளிகைக் கடைக்கும் அது. எனக்கு முழுத் திருப்தி. கீரப்பாளையத்துக்காரனுக்குக் 'கீரி' என்று வந்தால் போதாதா?

மூன்றாவது பாட்டில் சிரிப்பு கொஞ்சம் நின்றது. கோபாலகிருஷ்ண பாரதியின் 'வருகலாமோ'. ஒரே சொல். கிரேக்கத்தில் 'நா எர்த்தோ', ஆச்சு. பெயரை மொழிபெயர்க்க ஒரு நிமிஷம். கீழே இரண்டு வரி அர்த்தத்துக்குத்தான் ஒரு வாரம்போல இழுத்தது.

"யாரு அவரை உள்ள விடலைன்னு கேக்கறாங்க மாமா. டிக்கெட்டான்னு கேக்கறாங்க."

நந்தன் பண்ணையாள், தாழ்த்தப்பட்டவர், தில்லைக்கு வந்தும் உள்ளே போக வழியில்லை, மாஞ்சி ராகத்தில் வாசலில் நின்று கேட்கிறார். இதை அங்கே சொன்னால் 'சரி, அப்புறம் என்ன ஆனார்' என்று கேட்பார்கள். ஓமக்குளத்தில் தீயில் இறங்கி எழுந்தார் என்று நாம் சொல்வோம். அந்த அம்மா, "கேள்வி கேட்டவர் தீயில் இறங்க வேண்டும், விடாதவர்கள் எங்கே இறங்கினார்கள்?" என்றார். சோபோக்ளீஸின் 'ஆன்டிகனி'யை வருஷா வருஷம் பாடம் நடத்திய கை அது. அதே ஓமக்குளம் பக்கத்தில்தான் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் நடத்தினார். 1916இல் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கியவர், பிற்பாடு சட்டமன்றத்திலும் பேசியவர். அதையும் சொன்னேன். நோட்டீஸில் இடமில்லை.

கோபாலகிருஷ்ண பாரதிக்கும் பண்டிதர்கள் முதலில் கதவைத் திறக்கவில்லை என்பது வேறு கதை. நந்தன் சரித்திரத்துக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனபோது, இலக்கணப் பிழைகளைக் காட்டி அவர் தட்டிக்கழித்தார். பாட்டைப் பாடக் கேட்ட பிறகே இளகினார். உ.வே.சா. எழுதிவைத்திருக்கிறார். பிழையோடு பாடிய பாட்டை ஊரெல்லாம் பாடுகிறது. பிழையில்லாமல் பிள்ளையவர்கள் எழுதிக் குவித்த தலபுராணங்களைப் படித்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால், நானே அக்கம்பக்கம் பார்ப்பேன்.

நான்காவது, சுப்பிரமணிய பாரதியின் 'சின்னஞ்சிறு கிளியே'. சிறுசாக, இனிப்பாக முடியும் என்று நினைத்திருந்தேன். கிரேக்கத்தில் கிளி 'பப்பகாலோஸ்'. ஒருவரை அப்படிச் சொன்னால், சொன்னதையே சொல்கிற ஆள் என்று பொருளாம். பத்தாம் வகுப்பில் நோட்ஸை மனப்பாடம் செய்கிற பையனுக்கு அந்தப் பட்டம். குழந்தையைக் கொஞ்ச அவர்களிடம் 'புலாக்கி மு' இருக்கிறது. என் குஞ்சுப் பறவையே. கேட்டால் நம் காதுக்கு ஏதோ புலால் வறுவல் மாதிரி விழுகிறது, ஆனால் அதைச் சொல்லித்தான் அங்கே பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுகிறார்களாம். "கிளி இல்லாம எப்படிம்மா பாரதி?" என்றேன். மகாகவி புதுச்சேரியிலிருந்து 1918இல் வெளியே வந்ததும் கைதாகி அடைபட்டது எங்கள் கடலூர்ச் சிறையில். அவருடைய கிளியை இன்னொரு தரம் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அப்போதுதான் 'கண்ணம்மா' வந்தாள். அதை எப்படிச் சொல்வது என்று அக்கா மகள் தயங்கித் தயங்கி, "கண்... மாதிரி... ஆசையா கூப்பிடறது" என்று இழுத்திருக்கிறாள். அந்த அம்மா உடனே, "மாத்யா மு!" என்றாராம். என் கண்களே. கிரேக்கத் தாய்மாரும் காதலரும் நாள் முழுக்கச் சொல்லுகிற சொல் அது. 'க்ரிசோ மு' என்றால் என் தங்கமே. 'ப்சிஹி மு' என்றால் என் உயிரே. கண்ணே, தங்கமே, உயிரே என்று நம் பாட்டிமார் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும்போது சொல்லுகிற மூன்றும், அதே வரிசையில், மத்தியதரைக் கடல் ஓரத்தில் கிடைத்துவிட்டன. இங்கிலீஷ் வழியாகப் போயிருந்தால் கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்திருப்பார்கள். கண்ணம்மா கிடைத்த சந்தோஷத்தில் கிளியைப் பறவையாக்க நான் சம்மதித்தேன்.

ராகப் பெயர்களில் அதிகம் மெனக்கெடவில்லை. யதுகுலகாம்போதியைப் பார்த்துக் கம்போடியாவா என்று அந்த அம்மா கேட்டார். ராகம் என்றால் என்ன என்றும் கேட்டார். அவர்களுடைய நாட்டு மெட்டு இசைக்காரர்கள் அதை 'த்ரோமோஸ்' என்கிறார்களாம். அப்படியென்றால் சாலை. ஆகவே நோட்டீஸில் நம் ராகம் சாலையாகிவிட்டது. 'சாலை: யதுகுலகாம்போதி'. நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் பார்த்தால் அகலப்படுத்த வந்துவிடுவார்கள்.

இந்த ஊடாட்டத்தில்தான் அந்த அம்மா ஒரு பெயரைச் சொன்னார்: திமித்ரியோஸ் கலானோஸ். ஏதென்ஸில் பிறந்தவர். 1786இல் கல்கத்தாவுக்கு வந்தார், அங்கே இருந்த கிரேக்க வியாபாரிகளின் பிள்ளைகளுக்கு வாத்தியாராக. பிறகு காசிக்குப் போய், 1833இல் இறக்கும்வரை பண்டிதர்களோடு பண்டிதராக வாழ்ந்தார். பகவத்கீதையையும் பர்த்ருஹரியையும் சமஸ்கிருதத்திலிருந்து நேராகக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோனார். நடுவில் இங்கிலீஷுக்கு வேலையே வைக்கவில்லை. அவர் சிதம்பரத்துப் பக்கம் எட்டிப்பார்க்காமல் காசியோடு நின்றதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் உண்டு. மாரிமுத்தாப் பிள்ளை அவர் வந்து ஒரு வருஷம் கழித்து, 1787இல்தான் காலமானார்.

பதிலுக்கு நாமும் மொழிபெயர்ப்பு இல்லாமலே அவர்களிடம் போயிருக்கிறோம். "எனக்கு ஒரு இந்தியப் பாட்டு தெரியும்" என்று அந்த அம்மா போனிலேயே பாடினார். 'மந்துபாலா'. 1959இல் ஸ்டெலியோஸ் கசாந்திதிஸ் பாடி கிரேக்கம் முழுக்க ஓடிய பாட்டு. மெட்டு ராஜ்கபூரின் 'ஆவாரா' படத்து மெட்டு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இந்திப் படங்கள் அங்கே ஓடு ஓடு என்று ஓடின; 'மதர் இந்தியா'வுக்கு 'வியர்வையில் நனைந்த மண்' என்று பெயர் மாற்றி வைத்து அழுதார்கள். மெட்டை எடுத்துக்கொண்டு சொற்களைத் துறைமுகத்திலேயே இறக்கிவைத்துவிட்டு, தங்கள் சோகத்தை ஏற்றிக்கொண்டார்கள். அந்தச் சோகத்துக்கு மதுபாலா என்று பெயரும் வைத்தார்கள். 'ஆவாரா'வில் நடித்தது நர்கிஸ். நாம் குறை சொல்ல முடியாது. கம்பெனி சிப்பாய்கள் பேண்டில் வாசித்த மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதி நோட்டுஸ்வரமாக்கியவர்.

இன்னும் பின்னால் போனால் கதை சந்தி சிரிக்கும். எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரின் குப்பைமேட்டில் கிடைத்த ஒரு கிரேக்கக் கூத்துச் சுவடி 1903இல் அச்சாயிற்று. கரிதியோன் என்ற கிரேக்கப் பெண் இந்தியக் கடற்கரையில் ஒரு கோயிலில் சிறைப்பட்டிருக்கிறாள். அண்ணன் மீட்க வருகிறான். ஊர் ராஜாவுக்குத் தண்ணீர் கலக்காத திராட்சைச் சாராயம் கொடுத்துக் கவிழ்க்கிறார்கள். கூடவே ஒரு கோமாளி. பின்புறக் காற்றுதான் அவன் ஆயுதம். நம் ஆட்கள் பேசுவதாக வரும் வரிகள் கிரேக்கமில்லை. 1904இல் ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மன் அறிஞர் அது கன்னடம் என்றார்; சண்டை இன்னும் ஓயவில்லை. சுவடியில் எங்கெங்கே முழவு அடிக்க வேண்டும் என்றுகூடக் குறி போட்டிருக்கிறது. தனியாவர்த்தனம் முதற்கொண்டு இருக்கிறது. வசனத்துக்கு அர்த்தம் போட மட்டும் ஆள் இல்லை. அந்தக் கடற்கரையில் ஒரு தமிழாசிரியர் இருந்திருந்தால் இரண்டு வரியில் எழுதிக்கொடுத்திருப்பார்.

நோட்டீஸை இங்கேயே அடித்து, வடகம் அப்பளத்தோடு பார்சலில் அனுப்பினால் செலவு குறையும் என்று ஏற்பாடு. சிதம்பரத்தில் ஒரு டி.டி.பி. கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த தம்பி தாளைப் பார்த்துவிட்டு, "கணக்குப் பேப்பரா சார்? பார்முலா இருந்தா பக்கத்துக்கு இருபது ரூபா கூட ஆகும்" என்றான். பாலிடெக்னிக் படித்தவன். தீட்டா தெரிகிறது, லாம்டா தெரிகிறது, சிக்மாவைக் கண்டால் கூட்டுத்தொகை போடக் கை துடிக்கிறது. நடராசர் பாட்டு என்றதும் அவனுக்குப் பக்தி வந்துவிட்டது. "மேல ஓம் போட்டுறட்டுமா சார்?" என்றான். போடு என்றேன்.

புரூஃப் படத்தை ஏதென்ஸுக்கு அனுப்பினேன். உச்சியில் நடுநாயகமாக ஒரு பெரிய ஒமேகா. மின்தடையின் அலகான ஓம். அவன் படித்த ஓம் அதுதான். அந்த அம்மா, "இது எங்கள் நெடுங்கணக்கில் கடைசி எழுத்து. நிகழ்ச்சி முடிந்தது என்று எழுந்து போய்விடுவார்கள்" என்றார். அடுத்தது கேள்விக்குறி. கிரேக்கர்கள் கேள்வியின் முடிவில் நாம் அரைப்புள்ளி என்று சொல்கிற குறியைத்தான் போடுகிறார்கள். தம்பி, 'தப்பா அடிச்சிருக்காங்க சார்' என்று எல்லாவற்றையும் வளைந்த கேள்விக்குறியாகத் திருத்திவைத்திருந்தான். வருகலாமோ என்ற கேள்வி அரைப்புள்ளியில் நிற்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது; திரும்ப மாற்றச் சொன்னேன். "கேள்வின்னு எப்படி சார் தெரியும்?" என்றான். "அவங்களுக்குத் தெரியும்பா." ஓமை எடுத்துவிட்டுப் பிள்ளையார் சுழி போட்டோம். அது என்ன எழுத்து என்று ஏதென்ஸிலிருந்து கேள்வி வந்தது. 'அது எழுத்து இல்லை, பிள்ளையார்' என்று பதில் எழுதினேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

நிகழ்ச்சி நன்றாக நடந்ததாம். விடியலைத் தூக்கிய தெய்வத்தின் கதையை அந்த அம்மா மேடையேறிச் சொல்லாமல் விடவில்லை. கைதட்டலே அதற்குத்தான் அதிகமாம். பிறகு என்னிடம் பதில் மரியாதை கேட்டார். ஒரு கிரேக்கப் பாட்டைத் தமிழாக்க வேண்டும். வசிலிஸ் சித்சானிஸின் பாட்டு, 1948இல் ரெக்கார்டில் வந்தது. தலைப்பு உண்டு, அதுவும் முழுசாக: 'மேகம் கவிந்த ஞாயிறு'. ஜெர்மானியர் நாட்டைப் பிடித்துவைத்திருந்த காலத்தின் துக்கம் அதில் இருக்கிறது என்றார்.

தாளில் எழுதி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் வந்தார். நாலு ஏக்கர் சம்பா போடுகிறவர். தலைப்பை வாசித்துக் காட்டி, "சோகப் பாட்டாம்" என்றேன்.

"எந்த மாசம் சார்?"

"மாசம் போடலையே."

"ஆடியில மேகம் கவிஞ்சா அது எப்படி சார் சோகம்? நாத்தங்கால் பிழைச்சிடும், கும்மியடிக்கலாம். தையில கவிஞ்சா சரி. கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டி வச்சிருப்போம், அன்னிக்குப் பார்த்து ஞாயித்துக்கிழமை, எடை போட ஆள் வராது. ஒரு தூத்தல் போட்டா 17 பர்சென்ட்டுக்கு மேல ஈரம்னு தள்ளிடுவான். அதுக்கு அழலாம்."

ஏதென்ஸுக்குக் கேட்டு அனுப்பினேன். குளிர்காலம் என்றே தன் மனசில் பதிந்திருப்பதாக அந்த அம்மா பதில் எழுதினார்.

"அப்ப தைதான்" என்றார் எதிர்வீட்டுக்காரர். "முகாரியில எழுதுங்க சார். தார்ப்பாய் ஒண்ணு நடுவுல எங்கயாவது வந்துடணும்."